வின்சர்லாவின் பையன்கள்: என்எஸ்யு கொலை வழக்கு எங்கே தொடங்கியது?

மூன்று பேருக்கும் வீடு இருந்தது, வீட்டில் படித்தவர்கள் இருந்தார்கள். உவே முண்ட்லோஸின் அப்பா யேனா நகரில் கணினி அறிவியல் பேராசிரியர். உவே போன்ஹார்டின் அம்மா ஆசிரியை, அப்பா பொறியாளர். பெயாட்டே சேப்பேயின் அம்மா பல் மருத்துவம் படித்தவர். வேலை கிடைக்கவில்லை, வீட்டில் கஷ்டம், அதனால் பையன் கெட்டுப்போனான் என்று இந்த வழக்கை ஒரே வரியில் முடிக்க நினைப்பவர்கள் இங்கேயே தடுக்கி விழுவார்கள்.

2000க்கும் 2007க்கும் நடுவில் இந்தக் குழு ஜெர்மனியில் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. எட்டுப் பேர் துருக்கியிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஒருவர் கிரேக்கர், ஒருவர் இளம் பெண் போலீஸ். அது போக மூன்று குண்டுவெடிப்புகள், பதினைந்து கொள்ளைகள். சுட்டவர்கள் இரண்டு உவேக்கள். சேப்பே சம பங்குள்ள கூட்டாளி என்றது நீதிமன்றம். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'தேசிய சோஷலிசத் தலைமறைவு'. ஜெர்மன் சுருக்கத்தில் என்எஸ்யு. கொலைகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதற்கு முந்தைய ஏழு வருடங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 1991 முதல் 1998 ஜனவரி வரை, இவர்கள் வெறும் பிரச்சினை பண்ணும் பையன்களாகப் பார்க்கப்பட்ட காலம் அது.

டிவியில் கேட்ட கைதட்டல்

பெர்லின் சுவர் விழுந்த 1989 நவம்பரில் முண்ட்லோஸுக்கு 16 வயது, சேப்பேக்கு 14, போன்ஹார்டுக்கு 12. யேனா கார்ல் ஸைஸ் லென்ஸ் தொழிற்சாலையால் வாழ்ந்த ஊர். இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த கையோடு அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு நடந்தது. ஊரின் தெற்குப் பக்கம் இருக்கும் வின்சர்லா, கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்பு. நம் ஹவுசிங் போர்டு பிளாட்டுகளை நாலைந்து மடங்கு பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே பிள்ளைகளை அதிகம் பாதித்தது வேலையிழப்பு என்று நான் நினைக்கவில்லை. நேற்றுவரை சோஷலிசம் நடத்திய வாத்தியார் இன்று வேறு பாடம் நடத்துகிறார். நேற்றுவரை எல்லோரும் பயந்த போலீஸ்காரருக்கு இன்று தன் வேலையே நிலைக்குமா என்று தெரியவில்லை. பெரியவர்களின் சொல்லுக்கு மரியாதை போய்விட்டது. பிள்ளைகள் இதை யாரும் சொல்லாமலே கண்டுகொள்வார்கள்.

அந்த இடைவெளியில் டிவி ஒன்றைக் காட்டியது. 1991 செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டா என்ற ஊரில் மொசாம்பிக், வியட்நாம் ஒப்பந்தத் தொழிலாளர்களின் விடுதியை ஒரு கும்பல் நாள்கணக்கில் தாக்கியது. அரசு என்ன செய்தது? தாக்கப்பட்டவர்களை பஸ்ஸில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரின் லிஷ்டன்ஹாகன் பகுதியில் இன்னும் பெரிய அளவில் அதுவே நடந்தது. சுவரில் பெரிய சூரியகாந்தி ஓவியம் போட்ட கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர்கள். போலீஸ் பின்வாங்கிவிட்டது. அவர்கள் கூரைவழியே ஏறித் தப்பினார்கள். கீழே அக்கம்பக்கத்துக் குடும்பஸ்தர்கள் கூடி நின்று கைதட்டினார்கள். 1993 மே 26 அன்று நாடாளுமன்றம் புகலிட உரிமையைச் சுருக்கி அரசியல் சாசனத்தைத் திருத்தியது. மூன்றாம் நாள் சோலிங்கன் ஊரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்ததில் ஐந்து பெண்களும் சிறுமிகளும் செத்தார்கள்.

பதினாறு வயதில் இதையெல்லாம் பார்க்கும் ஒருவன் என்ன கணக்குப் போடுவான்? அடித்தால் வேலை நடக்கிறது, பெரியவர்கள் மனதுக்குள் நம் பக்கம்தான் என்று போடுவான். அந்தக் காலத்தைக் கிழக்கு ஜெர்மனியில் இன்று 'பேஸ்பால் மட்டை ஆண்டுகள்' என்கிறார்கள். பேஸ்பால் யாரும் ஆடவில்லை.

பாட்டி பிள்ளையும் கிளப்பும்

சேப்பேயை வளர்த்தது பாட்டி. தன்னை அவர் 'பாட்டி பிள்ளை' என்றே சொல்லிக்கொண்டார். அப்பா ருமேனியாக்காரர், மகளென்று ஏற்கவே இல்லை. போன்ஹார்டுக்குப் பத்து வயதிருக்கும்போது அண்ணன் ஒருவன் இறந்துபோனான். அப்புறம் பள்ளிக்கு மட்டம், கார் திருட்டு, பதினைந்து வயதில் சிறை. முண்ட்லோஸ் மூவரில் மூத்தவன், புத்திசாலி. சக்கர நாற்காலியில் இருந்த உடன்பிறந்தவனைப் பொறுப்பாகக் கவனித்துக்கொண்டவன். மூன்று பேருக்கும் மூன்று கதை. அவற்றைக் கூட்டி ஒரே காரணமாக ஆக்க முடியாது. அதே பிளாட்டுகளில், அதே வேலையில்லாக் காலத்தில் வளர்ந்து பங்க் இசைக் கலகக்காரர்கள் ஆனவர்கள் இருந்தார்கள், ஒன்றுமே ஆகாதவர்கள் அதைவிட நிறைய.

அவர்களுக்குக் கிடைத்தது ஒரு இடம். 1991ல் வின்சர்லாவில் இளைஞர்களுக்காக 'வின்சர் கிளப்' திறந்தார்கள். சேப்பேயும் முண்ட்லோஸும் அங்கேதான் பழகிக் காதலித்தார்கள். போன்ஹார்ட் பிறகு வந்து சேர்ந்தான். தன் பத்தொன்பதாவது பிறந்தநாள் வாக்கில் அவன்மேல் காதல் வந்ததாகச் சேப்பே பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னார். மூவரின் நட்பு அதனாலும் முறியவில்லை.

இந்த மாதிரி கிளப்புகளுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது: 'ஏற்றுக்கொள்ளும் இளைஞர் பணி'. பிரெமன் நகரத்துப் பேராசிரியர் பிரான்ஸ் யோசஃப் கிராஃபெல்ட் வகுத்தது. வலதுசாரிப் பையனை விரட்டாதே, அவனுக்கு என்ன பிரச்சினை என்று பார், அவனை ஆளாக ஏற்றுக்கொள், அவன் கருத்தை ஏற்காதே. படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. 1992லிருந்து மத்திய அரசு ஆண்டுக்கு 2 கோடி மார்க்கைக் கிழக்கு ஜெர்மனியில் இதற்காக இறக்கியது. ஆனால் பிரெமனில் அனுபவப்பட்ட ஆட்கள் வைத்து நடத்தியதைக் கிழக்கில் பல இடங்களில் வேலையிழந்தோருக்கான தற்காலிகத் திட்டத்தில் வந்தவர்களிடம் கொடுத்தார்கள். ஆளை ஏற்றுக்கொள், கருத்தை ஏற்காதே என்ற மெல்லிய கோட்டைப் பிடிக்க அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. விளைவு எளிது. மொட்டைத் தலையும் பூட்ஸுமாக வந்தவர்கள் ஒரு கிளப்பில் உட்கார ஆரம்பித்தால் மற்ற பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அது அவர்கள் கிளப். வாடகை அரசு கொடுக்கும்.

பணியாளர்களைக் குறை சொல்வது சுலபம், நான் அதைச் செய்ய விரும்பவில்லை. என் குறை அந்தக் கேள்வியின் மேல்தான். 'இவனுக்கு என்ன பிரச்சினை?' என்று கேட்டார்கள். 'இவனால் யாருக்கு என்ன பிரச்சினை?' என்று கேட்கவில்லை. ஊரில் அடிவாங்கிய வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பங்க் பிள்ளைகளுக்கும் இதே தாராளத்தில் இடம் கிடைக்கவில்லை.

புதன்கிழமைக் கூட்டம்

கிளப்பில் கிடைத்தது கூட்டாளிகள். இயக்கம் கிடைத்தது வேறு இடத்தில். 1990களின் நடுவில் தூரிங்கியா மாநிலம் முழுக்க இருந்த சிறு குழுக்களை 'தூரிங்கியா தாயகப் பாதுகாப்பு' என்ற பெயரில் ஒருவர் கோத்தார். பெயர் டினோ பிராண்ட். ருடோல்ஸ்டாட் பக்கம் மதுக்கடையில் புதன்கிழமைதோறும் கூட்டம். ஆரம்பத்தில் இருபது பேர் வந்த இடத்தில் சில வருடங்களில் நூற்றுக்கு மேல் வந்தார்கள். பீர் இருக்கும், பாட்டு இருக்கும், ஊர்வலத்துக்குப் போக வண்டி இருக்கும், அபராதம் விழுந்தால் உதவி இருக்கும். முண்ட்லோஸ், போன்ஹார்ட், சேப்பே, அவர்களோடு ரால்ஃப் வோல்லேபன் என்ற இன்னொரு யேனாக்காரர், எல்லோரும் அதில்.

இந்த டினோ பிராண்ட் 1994லிருந்து 2001வரை மாநில உளவுத்துறையின் சம்பளம் வாங்கிய இன்ஃபார்மர். மொத்தமாக ஏறக்குறைய 2 லட்சம் மார்க் வாங்கியிருக்கிறார். பணத்தை இயக்கத்துக்குத்தான் செலவழித்தேன் என்று அவரே சொன்னார். அவர்மேல் 35 விசாரணைகள் நடந்தன, அவற்றில் ஒன்றிலும் தண்டனை இல்லை. சுற்றிவளைக்காமல் சொன்னால், இளைஞர்களைத் தீவிரவாதத்துக்கு இழுத்த ஆள் யார் என்று கண்காணிக்க, அந்த ஆளுக்கே அரசு பெட்ரோல் போட்டுக்கொடுத்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலிக்கு மேய்ச்சல் படியும் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு படி, அடுத்த படி

1996 ஏப்ரலில் யேனா அருகே நெடுஞ்சாலைப் பாலத்தில் ஒரு பொம்மை தூக்கில் தொங்கியது. மேலே யூதர்களைக் குறிக்கும் மஞ்சள் தாவீது நட்சத்திரம், பக்கத்தில் வெடிகுண்டு மாதிரி ஒரு போலிப் பெட்டி. போன்ஹார்டின் கைரேகை கிடைத்தது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது, மேல்முறையீட்டில் இந்தக் குற்றச்சாட்டு மட்டும் விழுந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று முண்ட்லோஸும் போன்ஹார்டும் பழைய நாஜி அடியாள் படையின் பழுப்புச் சீருடை போன்ற உடையில் பூகன்வால்ட் வதைமுகாம் நினைவிடத்துக்குப் போனார்கள். இனி உள்ளே வரக்கூடாது என்று நிர்வாகம் தடை போட்டது. அவ்வளவுதான். 1997 செப்டம்பரில் யேனா நாடக அரங்கத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு சூட்கேஸ். மேலே நாஜிச் சின்னம், உள்ளே குழாய் வெடிகுண்டு. வெடிக்க வைக்கும் கருவி மட்டும் இல்லை. ஆனால் டிஎன்டி வெடிமருந்து நிஜம்.

இதற்கு நடுவில் வீட்டில் உட்கார்ந்து ஒரு விளையாட்டும் செய்தார்கள். மோனோபொலி பலகையை எடுத்து, ரயில் நிலையங்கள் இருக்கும் நான்கு கட்டங்களில் வதைமுகாம்களின் பெயரைப் போட்டு, அட்டைகளை யூத வெறுப்பு வாசகங்களோடு எழுதி, 'போக்ரோம்லி' (போக்ரோம் என்றால் யூதர்கள்மேல் நடக்கும் கும்பல் படுகொலை) என்று பெயர் வைத்து ஆளுக்கு நூறு மார்க் என்று விற்றார்கள். எத்தனையோ ஆவணங்களைவிட இந்த அட்டைப் பலகை எனக்கு அதிகம் சொல்கிறது. வெறி பிடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை இல்லை இது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பொறுமையாக, சிரித்துக்கொண்டு செய்தது.

இப்படி ஒவ்வொரு படியிலும் கால் வைத்துப் பார்த்தார்கள். படி தாங்கியது. அடுத்ததில் வைத்தார்கள்.

1998 ஜனவரி 26. போன்ஹார்டுக்கு இரண்டு வருடம் மூன்று மாதச் சிறைத்தண்டனை ஏற்கெனவே உறுதியாகி, உள்ளே போக வேண்டிய கடிதத்துக்குக் காத்திருந்த நேரம். காலையில் போலீஸ் சோதனைக்கு வந்தது. வீட்டருகே இருந்த கராஜை அவர் முன்னிலையில் பார்த்தார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் சேப்பே வாடகைக்கு எடுத்திருந்த இன்னொரு கராஜ் பூட்டியிருந்தது; திறக்கத் தீயணைப்புப் படைக்குச் சொல்லி அனுப்பினார்கள். கையில் கைது ஆணை இல்லை. போன்ஹார்ட் தன் காரில் ஏறி, போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு கராஜைத் திறந்தால் குழாய் வெடிகுண்டுகள், 1.4 கிலோ டிஎன்டி. முண்ட்லோஸின் முகவரிப் பட்டியலும் கிடைத்தது. அடைக்கலம் தரக்கூடியவர்களின் பெயர்கள், கெம்னிட்ஸ் ஊர்க்காரர்கள் உட்பட, அதில் வரிசையாக இருந்தன. தேடியவர்கள் அதை ஒழுங்காகப் படித்துப் பார்க்கவில்லை. மூவரும் போனது கெம்னிட்ஸுக்குத்தான்.

அன்றைக்கு முண்ட்லோஸுக்கு 24 வயது, சேப்பேக்கு 23, போன்ஹார்டுக்கு 20. இந்த இடம்வரை நானும் 'பையன்', 'அவன்' என்றே பெரும்பாலும் எழுதி வந்திருக்கிறேன், திரும்பிப் பார்த்தால் தெரிகிறது. தமிழில் அந்தச் சொல் பாசமாகவும் விழும், மன்னிப்பாகவும் விழும். ஜெர்மன்காரர்களிடமும் அப்படித்தான் விழுந்திருக்கும் போல. போன்ஹார்டின் பெற்றோர் 2002 வரை மூவரையும் கெம்னிட்ஸில் ரகசியமாகச் சந்தித்துவந்தார்கள். 2003ல் வெடிகுண்டு வழக்கு காலாவதியும் ஆகிவிட்டது. திரும்பி வந்திருக்கலாம். அதற்குள் நான்கு கொலைகள் முடிந்திருந்தன.

துப்பாக்கி கொண்டுபோனவர்

மூவரில் இருவர் செத்துவிட்டார்கள், ஒருவர் விசாரணையில் 2015 டிசம்பர் வரை வாயே திறக்கவில்லை. அதனால், இந்த இயக்கத்துக்குள் ஒருவர் எப்படிப் போகிறார் என்று உள்ளிருந்து சொன்னது நாலாவது ஒருவர்தான். பெயரை விட்டுவிடுகிறேன். யேனாவில் வளர்ந்தவர். தான் ஆண்களை விரும்புகிறவர் என்பதை வெளியே சொல்ல முடியாமல் தவித்த பதின்வயதுக்காரர். மியூனிக் நீதிமன்றத்தில் 2013 ஜூனில் பல நாள் பேசினார், அழுதார். சித்தாந்தத்தைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம். உடை, கூட்டம், தன்னைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவது, அமைப்பில் பொறுப்பு கிடைத்து 'ஆளாக' ஆனது, இவற்றைப் பற்றித்தான் நிறைய.

தலைமறைவில் இருந்தவர்களுக்குத் தொடர்பாளாக அவரை ஆக்கினார்கள். வோல்லேபன் சொல்லி, யேனாவில் வலதுசாரிகள் துணி வாங்கும் கடை ஒன்றின் வழியே சைலன்சர் வைத்த செக் நாட்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். வோல்லேபன் கையுறை போட்டுக்கொண்டு சைலன்சரைத் திருகி மாட்டி, தன்னை நோக்கிக் குறிபார்த்துச் சிரித்ததாகச் சாட்சியம் சொன்னார். துப்பாக்கியைக் கெம்னிட்ஸில் கொண்டுபோய் இரண்டு உவேக்களிடம் கொடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். நியூரம்பெர்க்கில் ஒரு கடையில் டார்ச் லைட் ஒன்றை வைத்தோம் என்று அவர்கள் சொன்னது நினைவிருப்பதாகவும் சொன்னார். அந்தக் கணத்தில் நீதிமன்றமே விழித்துக்கொண்டது. 1999ல் நியூரம்பெர்க்கில் ஒரு மதுக்கூடத்தில் டார்ச் லைட் வடிவக் குண்டு வெடித்து, அதை நடத்திய இளைஞர் காயம்பட்டிருந்தார். அது இந்தக் குழுவின் வேலை என்று பதினான்கு வருடம் யாருக்கும் தெரியாது.

2000ல் அவர் இயக்கத்தைவிட்டு வெளியேறினார். தன்னை மறைக்காமல் வாழ ஆரம்பித்தார், சமூகப் பணி படித்தார். தொடர்பெல்லாம் விட்டுப்போனது. ஆனால் 2011 வரை வாயைத் திறக்கவில்லை. அவர் கொடுத்த துப்பாக்கி ஒன்பது பேரைக் கொன்றது. வெளியேறியதற்காக ஒருவரைப் பாராட்டலாமா என்று யாராவது கேட்டால் இவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பதில் சட்டென்று வருவதில்லை. முதலில் கொல்லப்பட்ட என்வர் ஷிம்ஷெக்கின் மகன் நீதிமன்றத்தில் தன் இறுதி உரையில் இவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அது அந்த மகன் மட்டுமே சொல்லக்கூடியது.

சந்தேகம் யார்மேல் விழுந்தது

என்வர் ஷிம்ஷெக் பூ வியாபாரி. 38 வயது. நெதர்லாந்தில் ஏலம் எடுத்து ஜெர்மனியில் பல இடங்களில் விற்பார். 2000 செப்டம்பர் 9, சனிக்கிழமை, விடுமுறையில் போன ஒருவருக்குப் பதிலாக நியூரம்பெர்க் சாலையோரத்தில் தானே வண்டியை நிறுத்திப் பூ வைத்திருந்தார். வேனுக்குள் வைத்துச் சுட்டார்கள். இரண்டு நாள் கழித்து இறந்தார். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 13.

போலீஸ் போட்ட கணக்கு: அடிக்கடி நெதர்லாந்து போகிறார், அப்படியானால் போதைமருந்து. மனைவியிடம் தங்கநிறக் கூந்தல் பெண் ஒருத்தியின் போட்டோவைக் காட்டி, உங்கள் கணவருக்கு இவளோடு இன்னொரு குடும்பம் இருந்தது என்றார்கள். அப்படி ஒருத்தி இல்லை. வாயைப் பிடுங்க அவர்களே சொன்ன பொய்.

தையல்காரர், காய்கறிக் கடைக்காரர், கெபாப் கடைக்காரர், பூட்டுக் கடை வைத்திருந்த கிரேக்கர் என்று ஒவ்வொரு கொலைக்கும் இதே கதை. விசாரணைக் குழுவின் பெயரே 'பாஸ்பரஸ்', அதாவது இஸ்தான்புல்லின் நீரிணை. மாஃபியா மாமூல் கேட்டு வரும் என்று நம்பி போலீஸே ஒரு கெபாப் கடையை நடத்திப் பார்த்தது. யாரும் வரவில்லை. பத்திரிகைகள் 'டோனர் கொலைகள்' (டோனர் என்பது ஒரு வகைக் கெபாப்) என்று எழுதின, கொல்லப்பட்டவர்கள் ஏதோ தின்பண்டம் என்பதுபோல. 2004 ஜூன் 9 அன்று கொலோனில் துருக்கியர்கள் நிறைந்த கொய்ப் தெருவில் எழுநூறுக்கும் மேற்பட்ட நீள ஆணிகள் வைத்த குண்டு வெடித்து 22 பேர் காயமடைந்தார்கள். பயங்கரவாதப் பின்னணி தெரியவில்லை, குற்றக் கும்பல் வேலையாகத் தெரிகிறது என்று மறுநாளே உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷிலி சொன்னார்.

2006 ஏப்ரல் 6 அன்று காஸல் நகரில் ஹாலித் யோஸ்காட் தன் இன்டர்நெட் மையத்தில் சுடப்பட்டார். 21 வயது. மாலை வகுப்புக்குப் போக வேண்டும், அப்பா வந்து கடையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வந்த அப்பாவின் மடியில் உயிர் போனது. ஒரே மாதத்தில் காஸலில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் புலம்பெயர்ந்தவர்கள், 'பத்தாவது பலி வேண்டாம்' என்ற பதாகையோடு ஊர்வலம் போனார்கள். கொலைகளுக்குள் தொடர்பு இருக்கிறது, இது நம்மைக் குறிவைத்து நடக்கிறது என்று அந்தக் குடும்பங்கள் சொல்லிவிட்டன. ஐந்து வருடம் கழித்துத்தான் அரசு அதைச் சொன்னது. அதுவும் தானாகக் கண்டுபிடித்து அல்ல. 2011 நவம்பர் 4 அன்று ஐஸனாக்கில் வங்கிக் கொள்ளைக்குப் பிறகு போலீஸ் நெருங்க, இரண்டு உவேக்களும் கேம்பர் வேனில் செத்தார்கள். அன்றே பிற்பகல் ஸ்விக்காவ் ஊரில் சேப்பே வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுக் கிளம்பினார். போகிற போக்கில் தன் இரண்டு பூனைகளையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்தார். அதே கட்டடத்தில் 89 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார்.

தீர்ப்பு 438 நாள் விசாரணைக்குப் பிறகு 2018 ஜூலை 11 அன்று வந்தது. சேப்பேக்கு ஆயுள். வோல்லேபனுக்குப் பத்து வருடம். துப்பாக்கி கொண்டுபோனவருக்கு இளையோர் சட்டப்படி மூன்று. தலைமறைவில் இருந்த மூவருக்கும் வருடக்கணக்கில் உதவிய இன்னொருவருக்கு வெறும் இரண்டரை வருடம். தம் கட்சிக்காரர் உச்சி முதல் உள்ளங்கால்வரை தேசிய சோஷலிஸ்ட் என்று அவருடைய வக்கீல்களே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். அவரை அன்றே வெளியே விடலாம் என்று நீதிபதி அறிவித்ததும் பார்வையாளர் வரிசையிலிருந்து கைதட்டல் வந்தது. தட்டியவர்கள் நவநாஜிகள். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களும் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தன.

அடுத்த வருடம் ஸ்விக்காவில் ஷிம்ஷெக் நினைவாக நட்ட ஓக் மரக்கன்றைச் சில வாரங்களிலேயே யாரோ அறுத்துப் போட்டார்கள். நகராட்சி மறுபடி நட்டது, இம்முறை பத்து மரங்கள். 2020 செப்டம்பரில் யேனா நகராட்சி வின்சர்லாவில் ஒரு சதுக்கத்துக்கு என்வர் ஷிம்ஷெக்கின் பெயரை வைத்தது.